எட்டும் உயரத்து ஆணி

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கி ஓடும் பெருவழியில், சரக்கேந்திய நெடுவண்டிகள் ஓயாது உறுமிச் செல்ல, இருமருங்கும் தொழிற்சாலைகளின் வெண்கூரைகள் உச்சிவெயிலை வாங்கிக் கண் கூச எறிந்துகொண்டிருந்த நண்பகல் அது. ஒரகடத்துக்குச் சற்று முன்பாக, கண்ணாடிச் சில்லு பதித்த மதில் சூழ நின்றது அருளாயி அடைக்கல இல்லம். கணவனை இழந்த அருளாயி என்னும் கிறித்தவப் பெண், அடிபட்டும் துரத்தப்பட்டும் வந்த பெண்களுக்கென்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓலைக்கூரையின்கீழ்த் தொடங்கியது. இன்று அங்கே தங்குவோர் தென்மாவட்டங்களிலிருந்து தொழிற்சாலைப் பணிக்கு வந்த இளம்பெண்கள்.

வாயிலின் உட்சுவரில், தோளுயரத்தில், ஒரு பழைய இரும்பாணி இருந்தது. அதில் நாட்காட்டி தொங்கும். வாயிலின் திறவுகோலோ இருபத்திரண்டு ஆண்டுகளாக இல்லத் தலைவி ஞானப்பூவின் இடுப்பிலேயே கிடந்தது. உறக்கத்திலும் அதன் குளிர்ச்சியை அவர் உடல் அறியும். காப்பதற்கே பூட்டுகிறோம் என்று நம்பினார். சேர்த்துவிட்ட தந்தை வந்து கேட்டால் மகளை ஒப்படைத்துவிடுவதும் அவர் வகுத்த ஒழுங்கே.

நிறுவனர் நாளாகிய அன்று, இல்ல வரலாற்றை வாசிக்கும் முறை, அங்கே தங்கியிருந்த பெண்களில் ஒருத்தியான முப்பிடாதிக்கு வந்தது. அவளை ஊருக்கு அழைத்துப்போய் மணமுடிக்கத் தந்தை அய்யாத்துரை காலையிலேயே வந்து வெளியே காத்திருந்தார். வாசிப்பு முடிந்ததும் அவள் போயாக வேண்டும். விருந்துச் சோறு ஆறிவிடுமே என்று நடுவிலுள்ள பழைய விதிகளைத் தாண்டிப் படிப்பதே ஆண்டுதோறும் வழக்கம். முப்பிடாதியோ, ஒரு சொல் கூடினால் ஒரு நொடி கூடும் என்னும் தவிப்பில், ஒன்றையும் விடாது, மெல்ல மெல்ல வாசித்தாள்.

“திறவுகோல் உள்ளே, எவள் கைக்கும் எட்டும் ஆணியில் தொங்குக. வெளியே நிற்பவர் தந்தையே ஆயினும், அவளே திறந்தாலன்றி வாயில் திறவாதிருக்க. போக விரும்புபவளை ஒருவரும் தடுக்காதிருக்க.”

கவிழ்ந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. ஞானப்பூவின் விரல்கள் தாமாகவே இடுப்பைத் தொட்டன.

வெளியிலிருந்து காவலர் எல்லப்பன் வாயிற்கதவின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தார். “இன்னும் எம்மா நேரம்மா? பொண்ணோட நைனா வெயில்ல காஞ்சிகினு கீறாரு. மோர் குடுத்தா வாணான்றாரு.”

ஞானப்பூ எழுந்து வாயிலுக்கு நடந்தார். நாட்காட்டியைக் கழற்றினார்; முடிச்சவிழ்த்துத் திறவுகோலை ஆணியில் மாட்டினார். “கை எட்டுகிறதா, பாரம்மா” என்றார்.

முப்பிடாதி வந்து எடுத்தாள், தானே திறந்தாள்.

“ஏளா, பெட்டி எங்க? மாப்ள வீட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேன்” என்றார் வெளியே நின்ற அய்யாத்துரை.

“குடுத்தது நீங்கதானப்பா, நான் குடுக்கலியே. ரெண்டு மணி ஷிப்டு, பஸ்சு வந்துட்டு. வெயில்ல நிக்காதிய, உள்ள போயி சாப்பிடுங்க.”

அவள் கையைப் பற்ற நீண்ட அவர் கரம், மகள் முகத்தைக் கண்டு பாதியில் தாழ்ந்தது. திறவுகோலை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, அவள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போனாள்.

கதவு திறந்தே கிடந்தது. பிறரைக் காக்கப் பூட்டியவர், தாமும் அதே பூட்டுக்கு உள்ளேதான் இத்தனை ஆண்டும் இருந்திருக்கிறார். ஞானப்பூவின் இடுப்பில் சுமை இல்லை. எதிரே பெருவழி வெயிலில் விரிந்து கிடந்தது. ஓரடி வைத்தால் போதும். எங்கே போவதென்று அறியாமல், அவர் கால்கள் வாயிற்படிக்கு உள்ளேயே நின்றன.