தளபதியின் முதல் மறுப்பு

அன்று ஜியான்காங் அரண்மனையின் கிழக்கு மண்டபத்தில் இருந்தவர்கள்: ஏழு வயதுப் பேரரசர்; திரைக்குப் பின்னால் அவருடைய தாய் யூ அரசி; தளபதி சாய் பெங்; தளபதியின் மனைவியின் தம்பி, எழுத்தர் மெங் தூ; அரச முத்திரையின் காவலர் லூ ஷென். வேறு யாரும் இல்லை.

அரியணையைத் தளபதிக்கு விட்டுக்கொடுப்பதாக ஓர் ஆணையை மெங் தூ எழுதி வந்திருந்தான். அதில் முத்திரை விழுந்தால் பையன் பிழைக்கமாட்டான் என்று லூ ஷென்னுக்குத் தெரியும். பதவி இறங்கிய சிறுவர் எவருக்கும் மீசை முளைத்ததில்லை. லூ குடும்பம் நான்கு தலைமுறையாகக் காத்த முத்திரை அது. தன் கையால் இன்னொரு வம்சத்துக்கு அது போகாது என்று அவர் நிமிர்ந்து நின்றார்.

மெங் தூ ஆணையை வாசித்தான். இப்படித் தரப்படும் அரியணையை மூன்று முறை மறுத்துவிட்டுப் பிறகு கண்ணீரோடு ஏற்பதுதான் மரியாதை. சாய் பெங் மண்டியிட்டார்.

"ஐயையோ, எனக்கெதுக்குங்க இதெல்லாம்? நான் குதிரை லாயத்து ஆளு. சிம்மாசனம் பக்கமே வரமாட்டேன், சத்தியம்!"

மறுபடி வாசிக்க மெங் தூ வாயைத் திறந்தான். லூ ஷென் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, தளபதி வேண்டாம்னு சத்தியம் பண்ணிட்டாரு. அவர் பேச்சை ஏத்துக்கறீங்களா?"

"வேண்டாம்னா விட்டுடுங்க," என்றார் பேரரசர்.

'மறுப்பு ஏற்கப்பட்டது' என்று ஆணையின் கீழே எழுதி, லூ ஷென் முத்திரையை அழுத்தினார்.

"யோவ் பெரியவரே! இன்னும் ரெண்டு தடவை இருக்குய்யா!" என்று மெங் தூ கத்தினான்.

"எதுக்குப்பா? உங்க அத்தான் ஒரு தடவை சொன்னா போதாதா? அவர் பேச்சு அவ்வளவு மட்டமா?"

சாய் பெங்கின் கை இடுப்புக்குப் போனது. வாளோடு மண்டபத்தில் நுழையும் உரிமை அவருக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை.

"தளபதி இவ்வளவு நல்லவர்னு எனக்குத் தெரியாம போச்சே," என்று திரைக்குப் பின்னால் அரசி சிரித்தார்.

லூ ஷென் வாசலுக்குப் போய், காத்திருந்த படைவீரர்கள் முன் முத்திரையிட்ட அந்த மறுப்பை உரக்க வாசித்தார். தங்கள் தளபதியின் விசுவாசத்தை அவர்கள் ஆரவாரத்தோடு வாழ்த்தினார்கள். உள்ளே சாய் பெங்குக்கும் அது கேட்டது. இனி அரியணை வேண்டுமென்றால், செய்த சத்தியம் பொய் என்று தன் படையிடமே சொல்ல வேண்டும். மறுநாள் அவர் வடக்கு எல்லைக்குப் போக அனுமதி கேட்டார். கிடைத்தது.

வாசிக்கும்போது லூ ஷென்னின் கை நடுங்கியது என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். நடுங்கவில்லை.