கேழ்வரகுப் பை

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த வேலுசாமி நல்ல மனிதர். பெண்கள் சமாச்சாரம் என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்கு வாய் பூட்டிக்கொள்ளும், காதும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

எண்பத்தொன்பதில் அவர் மனைவி குருவம்மாளுக்குப் புற்றுநோய் என்று மதுரையில் இடது மார்பை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா வேலுசாமியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, இனி என்ன செய்யலாம், எது கூடாது என்று பொறுமையாக விளக்கினார். பேச்சில் ‘மார்பு’ என்ற சொல் வரும்போதெல்லாம் வேலுசாமி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். அது அடிக்கடி வந்தது.

திரும்பும் பஸ்ஸில் குருவம்மாள் கேட்டாள். “டாக்டரம்மா என்ன சொன்னாக?”

“இடது கையைப் பத்திரமா வச்சுக்கிடணுமாம்.”

“அம்புட்டு நேரமா அத மட்டுமா சொன்னாக?”

“ரொம்பப் பத்திரமா வச்சுக்கிடணுமாம்.”

வீடு வந்ததும் அந்தப் பத்திரம் வளர்ந்துகொண்டே போனது. முதலில் குடம் தூக்கக் கூடாது என்றார். பிறகு வாளி. பிறகு செம்பு. கடைசியில் கையையே துண்டில் கட்டித் தொங்கவிட்டார். எருமை கறக்க ஆள் வைத்தார். எருமை அந்த ஆளை உதைத்தது. சமையலைத் தானே எடுத்துக்கொண்டு, ரசத்தில் புளியை உருண்டையாகவே போட்டார். கேட்டால், “வயித்துக்குள்ள போயிக் கரைஞ்சுக்கிடும்” என்றார். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் தன் பங்குக்கு, “ஒட்டிக்கிடும்லா” என்று குருவம்மாளுக்குத் தனி டம்ளர் ஒதுக்கினாள். ஆபரேஷனுக்கு அழாத குருவம்மாள், தன் தலைமுடியைத் தானே முடிய முடியாத அன்று அழுதாள்.

மறு பரிசோதனையில் டாக்டரம்மா கையைத் தூக்கச் சொன்னார். தோளுக்கு மேல் வரவில்லை.

“சுவத்துல விரல் வச்சு ஏத்தச் சொன்னேனே, செய்யலையா?”

குருவம்மாள் புருஷனைப் பார்த்தாள். வேலுசாமி செருப்பைப் பார்த்தார்.

“சுவரேறச் சொன்னீகன்னு காதுல விழுந்துச்சும்மா. ஆபரேஷன் பண்ணுன பொம்பளைய எப்படிச் சுவரேறச் சொல்லுததுன்னு விட்டுட்டேன்.”

டாக்டரம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் திரும்பவில்லை, வாய்விட்டே சிரித்தாள்.

“அவிய செத்த நேரம் வெளிய இருக்கட்டும்மா. எல்லாத்தையும் எங்கிட்டயே சொல்லுங்க” என்றாள் குருவம்மாள்.

வேலுசாமி வெளியே போனதும் கதவைச் சாத்தினார்கள். இத்தனை நாள் மனசுக்குள் கிடந்ததையெல்லாம் அவள் கேட்டாள். நோய் ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. எருமை கறக்கலாமா? கை பழகியதும் கறக்கலாம். அந்தக் கையில் ஊசி போடவிடாதே, வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள். புருஷனோடு படுக்கலாமா? தாராளமாக. ஒரு பக்கம் கனமில்லாமல் தோள் சாய்கிறதே? பருத்தித் துணியில் பை தைத்து, கேழ்வரகு நிரப்பி ரவிக்கைக்குள் வைக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் காலை கருத்தம்மாள் தெருவுக்கு ஓடி வந்து கத்தினாள். “வேலுசாமியண்ணே, மதினி பல்லி மாதிரி சுவத்தப் பிராண்டுதாக!”

“பிராண்டல, பயிற்சி. பொறவு, ஒட்டாதுன்னும் டாக்டரம்மா சொல்லிட்டாக. ஒன் டம்ளர்லயே காப்பி குடு” என்று உள்ளிருந்து குருவம்மாளின் குரல் வந்தது.

ஆவணியில் குருவம்மாளின் தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்கு இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார்கள். நெரிசலான பஸ். வன்னியம்பட்டி தாண்டியதும் பையின் தையல் விட்டது. கேழ்வரகு புடவைக்குள்ளே சரிந்து தரையில் கொட்டியது. பக்கத்துப் பெண்ணின் கூடையிலிருந்த கோழி தலையை நீட்டிக் கொத்தத் தொடங்கியது.

“யாரு மூட்டை ஒழுகுது? லக்கேஜ் டிக்கெட் வாங்கியாச்சா?” என்று கண்டக்டர் கத்தினார்.

குருவம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது. அதைப் பார்த்த வேலுசாமி எழுந்தார்.

“மூட்டை இல்லய்யா. எம் பொஞ்சாதிக்கு ஆபரேஷன் பண்ணி மார எடுத்திருக்கு. அதுக்குப் பதிலா வச்ச பை கிழிஞ்சிருச்சு. இதுக்கெல்லாம் டிக்கெட் கெடையாது.” சொன்ன வேகத்தில் அவருக்கே மூச்சு வாங்கியது. “யார்ட்டயாவது ஊக்கு இருக்கா?”

தாலிக்கொடிகளிலிருந்தும் வளையல்களிலிருந்தும் ஊக்குகள் வந்தன. கோழிக்காரப் பெண் தன் முந்தானையை விரித்து மறைத்துப் பிடிக்க, குருவம்மாள் பையைச் சரிசெய்தாள். கண்டக்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை விசிலைத் தவிர வேறு சத்தம் காட்டவில்லை.

இறங்கியதும் அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். கூமாப்பட்டிக்காரி, பெயர் சந்தனம்.

“எனக்கும் இங்கன கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுது தாயி. வலி இல்ல. வெக்கப்பட்டு யார்ட்டயும் சொல்லல.”

வேலுசாமி கையில் கோழியைக் கொடுத்துவிட்டு, இருவரும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேச்சு முடியவேயில்லை. நிச்சயதார்த்த வீட்டுக்குப் போனபோது தட்டு மாற்றி முடிந்து, தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். குருவம்மாள் அதைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்து, இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தாள். சாப்பாடு ருசித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அடுத்த வாரமே அவள் சந்தனத்தை மதுரைக்குக் கூட்டிப் போனாள். கட்டி சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். தைப் பொங்கலன்று வாசல் நிறையத் தானே கோலம் போட்டதாகச் சந்தனம் சொல்லி அனுப்பினாள்.