அரைக் கட்டை

தீயணைப்பு வண்டியை வெளியே சாலையோரம் நிறுத்திவிட்டு, அது நின்ற கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரே பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் லான்ஸோ மட்டும் தேன் பாட்டிலோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாக அவருக்குத் தேன்தான் சாப்பாடு. கரடிகூட நடுவில் வேறேதாவது தின்னும்.

லான்ஸோவும் அவருடைய அண்ணன் ஹார்லிஸும் சின்ன வயதிலிருந்தே சேர்ந்து பாடுகிறவர்கள். அண்ணனுக்குக் கிதாரும் கீழ்க்குரலும், தம்பிக்கு மாண்டலினும் மேல்குரலும். இருவருக்கும் ஒரே மைக், கன்னத்தோடு கன்னம் உரசப் பாடுவார்கள். ‘டெட்ராய்ட் போன அண்ணன்’ என்று ஒரு பாட்டு. கார்த் தொழிற்சாலைக்குப் போனவனைத் திரும்பி வா என்று தம்பி கூப்பிடுகிற இடத்தில் லான்ஸோ குதிகாலைத் தூக்கிக்கொண்டு உச்சத்துக்குப் போவார். ஒருமுறை வானொலி நிலையத்தில் அப்படியே மைக்கோடு சரிந்து விழுந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் ஹார்லிஸ் கிதாரை விட்டுவிட்டுத் தம்பியின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். எங்கள் பள்ளத்தாக்கில் அந்த உச்சத்தைக் கேட்டு அழாதவர்கள் என்றால், டெட்ராய்ட்டுக்கே போய்விட்டவர்கள்தான்.

அதை இசைத்தட்டில் ஏற்றத்தான் நாஷ்வில்லிலிருந்து டில்மன் என்பவர் இயந்திரங்களோடு வந்திருந்தார். கைதட்டல், இருமல் எல்லாவற்றோடும் நேரடிப் பதிவு. குரல் களைக்கும் முன்பே எடுத்துவிடலாம் என்று அந்தப் பாட்டையே முதலில் வைத்தார். ஆனால் பனிக்காலத்தில் சளி பிடித்ததிலிருந்து லான்ஸோவுக்கு அந்த உச்சம் எட்டவில்லை. கொட்டகையில் தனியாக முயன்றுபார்ப்பார், கோழிகள் வெளியே ஓடிவரும். தன் குரல் உடைவது தட்டில் ஏறி, காலத்துக்கும் ஊர் அதைப் போட்டுக் கேட்கப்போகிறது என்ற பயம் அவருக்கு. வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

நான் ஹார்லிஸிடம் போனேன்.

“அத்தான், இன்னைக்கு ஒரு அரைக் கட்டை இறக்கிப் பாடுங்களேன்.”

“அவனுக்குத் தெரிஞ்சா மாண்டலினாலயே என் மண்டையைப் பொளப்பான். அதெல்லாம் ஆகாது ஒலீட்டா” என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

இவரை நம்பிப் பயனில்லை என்று நானே போய் மாண்டலின் பெட்டியைத் திறந்தேன். எட்டுத் தந்திகளையும் தளர்த்தி அரைக் கட்டை இறக்கி வைத்தேன். தேவாலயத்தில் பாடி வளர்ந்தவள், அந்த அளவுக்குக் காது உண்டு. மேடை ஏறுமுன் இரண்டு வாத்தியங்களுக்கும் சுருதி சேர்ப்பது எப்போதும் ஹார்லிஸ்தான், லான்ஸோவுக்குப் பொறுமை கிடையாது. ஹார்லிஸ் மாண்டலினை வைத்துத்தான் கிதாரைச் சேர்ப்பார். அதனால் கிதாரும் தானாக இறங்கிவிடும் என்பது என் கணக்கு.

பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே ஹார்லிஸின் புருவம் ஏறியது. இரண்டாவது வரியில் குரல் தரையைத் தொட்டது. மூன்றாவதில் வாய் மட்டும்தான் அசைந்தது. முன்வரிசையில் ஓபல் அக்கா தன் காதுக்கருவியைத் தட்டிப் பார்த்தாள்.

லான்ஸோ வாசிப்பதை நிறுத்தினார். “அண்ணே, சுருதியை இறக்கினியா?”

“அரைக் கட்டை. அரைதான்டா.”

லான்ஸோ செருமினார். “நான் வீட்லயே அரை இறக்கிட்டேன்.”

“அப்பவும் ஒண்ணுதானே ஆகுது? இது அதுக்கும் கீழ கிடக்கே.”

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். கூடம் மொத்தமும் சிரித்தது. டில்மன் மட்டும், நிறுத்தாதீர்கள், நாடா ஓடுகிறது என்று விரலைச் சுழற்றிக் காட்டினார்.

லான்ஸோவின் முகம் சிவந்துபோயிருந்தது. மைக்கின் பக்கம் குனிந்தார். “எனக்கு அந்த உச்சம் போயிடுச்சுங்க. பனிக்காலத்துலயே போயிடுச்சு.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “தெரியும் லான்ஸோ. உன் கொட்டகைச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது.”

ஹார்லிஸ் தம்பியின் கையிலிருந்து மாண்டலினை வாங்கினார். அத்தனை பேர் முன்னாலும் நிதானமாகச் சுருதியைப் பழைய இடத்துக்கே ஏற்றினார். பிறகு கிதாரையும் ஏற்றினார்.

“நீ கீழ பாடு. நான் மேல போறேன்.”

“நீயா?”

“இத்தனை வருஷமா என் காதுகிட்டயே கத்தியிருக்கே. எனக்கு வராதா?”

இடம் மாறி நின்றார்கள். மாறும்போது கிதாரின் கழுத்து மாண்டலினில் இடித்தது. லான்ஸோ கீழ்க்குரலில் பாடி நான் கேட்டதே இல்லை. இத்தனை காலம் எங்கே வைத்திருந்தார் இந்தக் குரலை என்று எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் துருப்பிடித்த கீல் மாதிரி ஹார்லிஸ் கீச்சிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் சுருதி பிசகவில்லை.

‘திரும்பி வா’ வந்தது. ஹார்லிஸ் கண்ணை இறுக மூடிக் குதிகாலைத் தூக்கினார். அந்தக் கனத்த உடம்பு மைக்கின் பக்கம் சாயத் தொடங்கியது. லான்ஸோ பாட்டை விடாமல் மாண்டலினை மட்டும் விட்டுவிட்டு, அண்ணன் முதுகுக்குப் பின்னால் கையால் பெல்ட்டைத் தேடினார். ஹார்லிஸ் பெல்ட் போடுகிறவர் இல்லை. கால்சட்டையைத் தாங்கும் ரப்பர் தோள்வார்தான். துழாவிய கை அது குறுக்கே சேருமிடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஹார்லிஸ் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தார், ரப்பர் நீண்டுகொண்டே வந்தது.