ஒட்டிக்கொண்டே போன எண்

"கிடைச்சிருச்சுடா ராஸ்! பகா எண்!"

வயல்லா நகர மருத்துவமனையின் கதவைத் தோளால் இடித்துக்கொண்டு நெவில் கெர்ஸ்லி உள்ளே பாய்ந்தான். கட்டிலில் கிடந்த ராஸ் டிங்வால் கண்ணைத் திறந்தான். ஈரலில் புற்று. டாக்டர் கொடுத்த ஆறு மாதக் கெடுவில் பாதி போய்விட்டது.

இருவருமே ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்கள். 1, 12, 123, 1234... எண்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் எங்காவது ஒரு பகா எண் தட்டுப்பட வேண்டும். யாரும் கண்டதில்லை. சாவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும், ராஸுக்கு அது ஒன்றுதான் பாக்கி. வருடக்கணக்கில் இருவர் வீட்டுக் கணினியிலும் நெவில் எழுதிய நிரல்தான் ஓடியது.

"எதுவரைக்கும் ஒட்டினது?"

"ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து முன்னூத்து அறுபத்து மூணு."

"மொத்தம் எத்தனை இலக்கம்?"

"கிழட்டு நாயே, இந்த நிலைமையிலயும் தணிக்கையா? பீர் ஒளிச்சுக் கொண்டாந்திருக்கேன். நர்ஸ் வர்றதுக்குள்ள குடி."

"சொல்லுடா."

அவர்களுக்குள் அது சட்டம். ஒருவன் கண்டுபிடித்தால், அடுத்தவன் நிரலைத் தொடாமல் மனக்கணக்கில் இலக்கத்தை எண்ண வேண்டும். நெவில் சிரித்தபடி சொன்னான். ஐந்து லட்சத்து ஐம்பதாயிரத்துச் சொச்சம்.

ராஸின் உதடுகள் முணுமுணுத்தன. நின்றன.

"பன்னிரண்டாயிரம் குறையுது."

"மருந்து மயக்கம் உனக்கு!"

"லட்சத்துக்கு மேல எத்தனை எண் ஒட்டினே? அதுவும் பன்னிரண்டாயிரம் சொச்சம். ஒவ்வொண்ணுலயும் ஒரு இலக்கம் போயிருக்கு. ஒன்பது தாண்டிப் பத்து வந்தா ரெண்டு இடம் விடணும். லட்சம் வந்தா?"

"ஆறு," என்றான் நெவில். "நான்... அஞ்சோட நிறுத்திட்டேன்."

ஒவ்வொரு எண்ணின் தலையும் முந்தினதன் வாலில் ஏறிக்கொண்டது. கிடைத்தது வேறு ஏதோ எண். லட்சத்துக்கு மேல் இருவரும் ஓட்டிய அத்தனையும் குப்பை.

"திருத்தி ஓட்டுறேன்டா! இன்னைக்கே!"

"எவ்வளவு நாள்?"

நெவில் தரையைப் பார்த்தான். "நாலு வருஷம்."

ராஸ் சிரிக்க முயன்றான். இருமல்தான் வந்தது.

"நம்மள மாதிரி இதைத் தேடுறவங்க குழுவுல எழுதிப் போடு. லட்சத்துக்கு மேல நாம தேடவே இல்லைன்னு. யாரும் நம்ம கணக்கை நம்பி ஏமாறக்கூடாது."

"ராஸ்..."

"பொய் சொல்லியிருக்கலாம்லடா நெவில்? அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பேன்."

"எனக்கே தெரியாதேடா!"

ராஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நெவில் அவன் தோளைத் தொட்டான். ராஸ் அந்தக் கையை மெல்ல எடுத்துக் கட்டிலுக்கு வெளியே விட்டான்.