கதவின் சிவப்பு

சங்கத்தில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். பாராட்டாக வைத்தார்களா, வயிற்றெரிச்சலில் வைத்தார்களா, தெரியாது. அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவினதும் பிளாஸ்டிக் மாடலோடு உட்கார்ந்துவிடுவான். நிஜ விமானத்தையும் லாரியையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, ஒரு திருகாணி பிசகாமல் செய்கிற பைத்தியம் அது. அதே பைத்தியம் பிடித்த இன்னும் கொஞ்சம் பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிற இடத்துக்குத்தான் சங்கம் என்று பேர்.

அங்கே யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் இவன் குனிந்து பார்ப்பான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். பார்த்து முடித்து, "இந்த வருஷத்து விமானத்துக்கு இங்க ஆன்டெனா கிடையாதே" என்பான். வருஷக்கணக்காக அதைக் கட்டிய மனுஷன் பேசாமல் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போய்விடுவார். இவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவனிடம் இருக்கிற கஷ்டமே அதுதான், சொல்வதெல்லாம் சரியாக இருக்கும்.

இந்தத் தடவை அவன் எடுத்தது ஒரு பழைய தீயணைப்பு வண்டி. பெட்டியைத் திறந்த அன்றைக்கே முகம் சுளித்தான். கம்பெனிக்காரன் கதவுக் கீலைத் தப்பான இடத்தில் வைத்திருந்தான். சிவப்பும் தப்பு, தக்காளிச் சிவப்பு. நிஜ வண்டியின் சிவப்பு அது இல்லை என்று அவனுக்குத் தெரியும். எது என்றுதான் தெரியாது. வலைத்தளங்களைச் சல்லடை போட்டுத் தேடினான். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டான். அந்த வண்டிகளை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், உருப்படியாக ஒரு படம் கிடைக்கவில்லை.

அவன் மனைவி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க அத்தான் ஓட்டினது இதே வண்டிதானே?" என்றாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா புருஷன் தீயணைப்பில் டிரைவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைசிவரை இந்த வண்டியைத்தான் ஓட்டினார். உயிரோடு இருந்தவரை, பார்க்கும்போதெல்லாம், "ஒருநாள் ஸ்டேஷனுக்கு வா மச்சான், வண்டிய நல்லா சுத்திக் காட்டறேன். உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே" என்பார். அப்போது இவனுக்கு விமானக் காலம். லாரியெல்லாம் ஒரு பொருட்டா? "வர்றேன் அத்தான்" என்று சொல்லிச் சொல்லியே ஆறப்போட்டான். போன வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பியவன், அப்புறம் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இப்போது ஒரு கதவுக்காகக் கிளம்பினான்.

அக்கா கதவைத் திறந்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். கேட்டாளே தவிரக் கோபம் இல்லை, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டாள், டீ போட்டாள், சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டாள். தனியாக இருக்கிற வீட்டில் ஒரு ஆள் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவன் டீயை ஆற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, அத்தானோட வண்டிய மாடலாச் செய்யறேன். அதுல எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

அக்கா அவனையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. "அவருக்காகவா செய்யற?" என்றாள்.

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தை அவன் டீ குடித்துக் கழித்தான். அக்கா அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ஆல்பத்தை எடுத்துவர உள்ளே போனாள். அவனுக்குத் தன் மேலேயே லேசாக ஒரு அருவருப்பு வந்தது. ஆனால் அவள் ஆல்பத்தைப் பிரித்ததும் அதுவும் போய்விட்டது. முதல் பக்கத்திலேயே பம்ப்பு பக்கத்துக் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன.

சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தான். படத்துக்குப் படம் குனிந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இந்தக் குஷன் நான் தச்சுக் குடுத்தது. ராத்திரி பகல்னு ஓட்டி முதுகு போச்சுன்னு படுத்தே கிடந்தாரு..."

"பச்சையா, நீலமா?"

"எது?"

"குஷன். படத்துல வெளுத்துப்போயிருக்கு."

"நீலம்" என்றாள் அக்கா. "சைடு கண்ணாடியில மஞ்சத் துணி கட்டியிருக்கு பாரு, அது என் பழைய துப்பட்டாவுல கிழிச்சது. எந்த வண்டி நம்ம வண்டின்னு தூரத்துலயே தெரியணும்னு..."

"முடிச்சு முன்னாலயா, பின்னாலயா?"

அதையும் யோசித்துச் சொன்னாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது அவன் தேடிய படம். வலது பாதியில் டிரைவர் பக்கத்துக் கதவு, கீல் தெரிய, நிறம் மங்காமல். இடது பாதியில் அத்தான், கதவின் மேல் முழங்கையை ஊன்றி, யாரோ சொன்ன ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அதை மெதுவாகப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். "இத மட்டும் பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுடா. வேற எதுலயும் அவரு சிரிக்கல. போட்டோன்னா விறைச்சுக்குவாரு. இது ஒண்ணுதான்."

"ம்ம்" என்றான். காது கேட்கத்தான் கேட்டது. ஆள்தான் கதவுக் கீலில் இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கதவு இருந்த பகுதியை மட்டும் ஸ்கேன் எடுத்தான். அவ்வளவு நுணுக்கமாக முழுப் படத்தையும் எடுத்தால் கம்ப்யூட்டர் திணறும். ஆனால் ஸ்கேனில் சிவப்பு சிவப்பாக வரவில்லை. பிறகு படத்தையே விளக்கடியில் வைத்து, தான் கலக்கிய சாயங்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அத்தானின் காக்கிச் சட்டை குறுக்கே வந்தது. பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் ஏமாறும், இந்த வேலை தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். இரும்பு ஸ்கேலை வைத்தான், கத்தியை எடுத்தான், கதவின் ஓரமாக ஒரே இழுப்பு. கை நடுங்காத ஆள். வெட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்தது. கதவின் மேல் ஊன்றிய முழங்கை மட்டும் கதவோடு நின்றது. மற்றது மேஜையிலிருந்து சாயம் துடைத்த காகிதங்களோடு கூடைக்குப் போயிற்று. அன்றைக்குச் சிவப்பு சரியாக வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவ்வளவு சந்தோஷம்.

சங்கத்தின் கண்காட்சியில் வண்டிக்கு முதல் பரிசு. பக்கத்தில் ஒரு அட்டையில், ஆதாரத்துக்காக, பெரிதாக்கிய கதவுப் படத்தை ஒட்டிவைத்திருந்தான். தலைவர் வந்தவர்களையெல்லாம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "அந்தக் குஷனைப் பாருங்க. கண்ணாடியில துணி பாருங்க, முடிச்சோட. இதையெல்லாம் வேற யாரு பாப்பா?" இவனுக்குத் தலை கால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள். மனைவிதான் சொல்லியிருக்கிறாள். இவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அக்கா மாடலுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். குனிந்து டிரைவர் சீட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை. மாடலில் ஆள் பொம்மை வைத்தால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும் என்பது இவன் கட்சி. பிறகு அட்டையைப் பார்த்தாள்.

"இது அவரு கை இல்ல?" என்றாள்.

"யாரு கைம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"என் வீட்டுக்காரரு. அவரு வண்டிதான் இது. போன வருஷம் போயிட்டாரு. அவருக்காகத்தான் என் தம்பி இதச் செஞ்சான்." சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பெருமை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு நாளா இதைச் சொல்லவே இல்லையேப்பா" என்று இவன் தோளைத் தட்டினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். முன்பு இவன் மட்டம் தட்டிய அந்த ஆன்டெனாக்காரரும் தட்டினார். பூதக்கண்ணாடிக்குத் தரையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் அக்காவுக்கு அவமானம், சொல்லாவிட்டால் தனக்கு. யோசிக்கிறவன் மாதிரி நின்றானே தவிர, யோசிக்கவில்லை. கைதட்டலை வாங்கிக்கொண்டான்.

கிளம்பும்போது அக்கா, "அந்தப் போட்டோவ எடுத்துக் குடுடா. பெருசாக்கி மாட்டணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பரிசைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தான். அவன் அறையில் எதுவும் வீணாகாது. மிச்சச் சக்கரங்களுக்கு ஒரு டப்பா, மிச்சக் கண்ணாடிகளுக்கு ஒரு டப்பா, பாகங்களை வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டங்களுக்கு ஒரு மூட்டை. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். சின்ன வயதில் செய்த முதல் விமானத்தின் உடைந்த இறக்கைகூட இருந்தது.

"என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி. சொன்னான். அவள் கவிழ்ந்து கிடந்த டப்பாக்களைப் பார்த்தாள். "கூடையில போட்டிருந்தா அன்னைக்கே குப்பைக்குப் போயிருக்கும்" என்றாள். அப்புறம், "உங்களுக்கு எதையுமே தூக்கிப் போட மனசு வராதே" என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அது இன்னும் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் மாடலையும் கதவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு போனான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். அக்கா மாடலை வாங்கி அலமாரியில் வைத்தாள். துண்டைக் கையில் கொடுத்தான்.

"கலர் பாக்கறதுக்காக வெட்ட வேண்டியதாப் போச்சுக்கா."

"வெட்டினியா?" அக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளே அதைச் சமாளித்துக்கொண்டாள். "சரி, ஒட்டிக்கலாம். மீதிய வச்சிருப்பல்ல? சின்னதுலேர்ந்தே நீ ஒரு குண்டூசியக்கூடத் தூக்கிப் போட மாட்டியே."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தவன், "ம்ம்" என்றான்.

அதற்கப்புறம் ஒளிந்து திரிந்தான். அக்கா போன் செய்தால் கடையில் கூட்டம் என்றான். சங்கத்துக்குப் போவதையும் நிறுத்தினான். அங்கே எல்லாரும் மரியாதையாகப் பேசியது தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து அத்தானைப் பொம்மையாகவாவது செய்து பார்ப்போம் என்று பிளாஸ்டிக்கைச் சீவினான். முகம் வரைக்கும் வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் வகிடு எந்தப் பக்கம்? மீசை உதட்டைத் தொடுமா? வண்டி ஓட்டும்போது கண்ணாடி போடுவாரா? கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன், அவருக்குக் கண்ணாடி உண்டா என்றே தெரியவில்லை. அவர் வண்டியில் கட்டிய துணியின் முடிச்சு எந்தப் பக்கம் என்று தெரியும். யாரிடம் போய்க் கேட்பது? கேட்கக்கூடிய ஒரே ஆளிடம்தான் கேட்க முடியாது. கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். விடுமுறை வந்ததும் அக்கா வீட்டுக்குப் போனான்.

அலமாரிக்கு மேலே சுவரில் புதிதாக ஒரு சட்டம் போட்ட படம் மாட்டியிருந்தது. வலது பாதியில் சிவப்புக் கதவு, அதன்மேல் ஒரு முழங்கை. இடது பாதி வெறும் அட்டை.

பக்கத்து வீட்டு அம்மா ஏதோ வாங்கிப் போக வந்தவள், அதைப் பார்த்துவிட்டு நின்றாள். "இது என்ன, பாதிதான் இருக்கு?"

"அவருதான். மீதி என் தம்பிகிட்ட இருக்கு" என்றாள் அக்கா. "கொண்டுவந்து குடுத்ததும் சேத்து வச்சுடணும்." இவனைக் காட்டி, "இவன்தான்" என்றாள். அந்த அம்மா இவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அவன் படத்துக்கு அருகில் போனான். பழக்க தோஷம், கண் தானாக அளந்தது. விட்டிருந்த இடம் துல்லியமாக இருந்தது, ஒரு மயிரிழை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

"அளவு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"ஆல்பத்துல அது ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுக்காம இருக்கு. அத அளந்து சட்டம் போடற கடையில குடுத்தேன். அவன் ரெண்டு தடவ தப்பா வெட்டினான், திருப்பி அனுப்பினேன்." அக்கா கையிலிருந்த துணியால் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உன் அக்கா இல்ல?"

அவனுக்கு முகம் எரிந்தது. காது வரைக்கும் எரிந்தது.

"அக்கா, அது இல்ல" என்றான். "அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

அக்கா துடைப்பதை நிறுத்தினாள். "எத?"

மீதிப் போட்டோவை என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

"அத்தானை" என்றான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. துணியை உதறி, சுவரிலிருந்த படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். முழங்கை இருந்த பக்கத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் இல்லாத பக்கத்தையும் துடைத்தாள்.