ஆறு திருப்பி அனுப்பிய பின்னல்

இபிடோஸின் முடியை ஆற்றில் போட்ட மறுநாள் காலை, அது நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி வந்து அவன் வீட்டு வாசற்படியில் கிடந்தது. சிக்கெடுத்துப் பின்னல் வேறு போட்டிருந்தது. எங்கள் ஆர்க்காடிய மலையில் மீசை அரும்பிய பையன்கள் முடியை அறுத்து எலிசோன் ஆற்றுக்குக் கொடுப்பார்கள். ஆறு வாங்கிக்கொண்டால் அவன் ஆண்பிள்ளை. குலத்துப் பெரியவர்கள் சபையில் சேர்ப்பார்கள், பெண் கிடைக்கும். ஆறு ஒருவனுடையதைத் திருப்பி அனுப்பியது அதுதான் முதல் தடவை. அதுவும் சொந்தப் பேரனுடையதை.

எலிசோன் அவனுக்கு அம்மாவழித் தாத்தா. அவருடைய கடைசி மகள் மிர்ட்டோ, ஊற்றுக்கண்ணில் பிறந்தவள், ஆடு மேய்க்கும் லைகோனோடு ஓடிப்போனாள். ஓடிப்போனதுகூடப் பெரிதில்லை, போன நேரம்தான். கடுங்கோடையில் கிழவர் குட்டை குட்டையாகப் பிரிந்து கிடந்தபோது, எழுந்து துரத்த முடியாது என்று தெரிந்தே போனாள். எங்கள் பெண்கள் கல்யாணத்துக்கு முன் ஆற்றில் குளித்து, ஒரு கற்றைக் கூந்தலை அறுத்து வைத்துச் சொல்லிக்கொண்டு போவார்கள். அவள் சொல்லவுமில்லை, கொடுக்கவுமில்லை. அந்தக் கூந்தல் அன்றுமுதல் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் மாவு பிசையத் தண்ணீர் ஊற்றுவதில்லை. படுக்கை காய்ந்ததில்லை. லைகோனின் இருமல் எங்கள் தெருக்கோடி வரை கேட்கும். காதலித்ததற்கு அது கொஞ்சம் அதிகம்தான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பின்னல் திரும்பி வந்ததற்கு அடுத்த வசந்தத்தில் லைகோன் மகனின் முடியோடு தேனும் மதுவும் ஊற்றிப் பார்த்தான். அதற்கடுத்து ஒரு கிடா. ஆறு தேனைக் குடித்தது, கிடாவை விழுங்கியது, முடியைத் திருப்பி அனுப்பியது. பின்னொரு வருஷம் முடியைக் கல்லில் கட்டி எறிந்தான். கல்லும் சேர்ந்து வந்தது. அதில்தான் அவர்கள் பூண்டு நசுக்குகிறார்கள். இபிடோஸின் கூட்டாளிகள் பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவன் மட்டும் விருந்துகளில் சிறுவர் வரிசையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து அத்திப்பழம் தின்றான். அவன் கண் வைத்திருந்த பெண்ணின் அப்பா, குயவர், பட்டென்று சொல்லிவிட்டார்: "ஆறே வேணாம்னு சொன்ன பையனுக்கு நான் எப்படிய்யா பொண்ணு குடுக்கறது? வேற இடம் வந்திருக்கு. திராட்சை பறிக்கிற வரைக்கும் பாப்பேன்."

பக்கத்து வீட்டு பிலின்னாவுக்கு அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"ஏண்டி மிர்ட்டோ, பேரன் மேல கோவம் இருக்கறவரு பின்னல் போட்டா அனுப்புவாரு? அவரு கேக்கறது உன் கூந்தலடி."

"நான் தரமாட்டேன்க்கா. இத்தன வருஷத்துல ஒருநாள் வந்து எட்டிப் பாத்தாரா?"

"அவரு எட்டிப் பாத்தா ஊரே இருக்காதுடி."

திராட்சை கறுத்தது. வாசலில் கிடந்த பின்னலை இபிடோஸ் காலால் எத்தினான். "நீ தப்பிச்சு வந்துட்டம்மா. நான் மாட்டிக்கிட்டேன்" என்றான்.

மிர்ட்டோ ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியை ஒரு கையிலும் பின்னலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். எங்களுக்கு வேலை இல்லாமலில்லை. இருந்தும் பின்னால் போனோம். அவள் ஓடிப்போன அன்றைக்கு மாதிரியே கிழவர் குட்டைகளாகக் கிடந்தார்.

"நீங்க எந்திரிக்க முடியாம கெடந்தப்ப போனது தப்புதாம்ப்பா. ஆனா கேட்டிருந்தா விட்டிருக்கவே மாட்டீங்க. அதுக்கு எம்புள்ள தலையிலயா வஞ்சம் தீக்கணும்?"

ஒரு தவளை மட்டும் இடம் மாறி உட்கார்ந்தது. மிர்ட்டோ கற்றையோடு நிறுத்தவில்லை, முழுவதையும் ஒட்ட வெட்டினாள். கீழே விழுந்தது முடியல்ல, தண்ணீர். அதன் மேலேயே மகனின் பின்னலை வீசிவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிட்டாள்.

மறுநாள் வாசலில் பின்னல் இல்லை. ஆறு இருந்தது. மழைத்துளி இல்லாத மாதத்தில் கிழவர் மேடேறி, எங்கள் வெங்காயப் பாத்திகள் வழியாக வந்து, மகள் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் உடுப்பைத் தூக்கிப் பிடித்து, முழங்கால் தண்ணீரில் நின்று இபிடோஸைச் சபையில் சேர்த்தார்கள். குயவர் வழுக்கி விழுந்து, மூக்குவரை நனைந்து பெண்ணைக் கொடுத்தார். லைகோன் கூரையில் ஆடுகளோடு உட்கார்ந்து, "போயி எட்டிப் பாரு, எட்டிப் பாருன்னு யாரு சொன்னது இவருகிட்ட?" என்று இருமினான்.

வெங்காயத்துக்கு எங்களுக்கு யாரும் ஈடு தரவில்லை. இப்போது ஒவ்வொரு வருஷமும் திராட்சை பறிக்கும்போது வருகிறார். அந்த நாட்களில் ஆற்றுக்குப் போனால் வெறும் கூழாங்கல்தான். குடத்தை எடுத்துக்கொண்டு லைகோன் வீட்டு வாசலில் நின்று, "மிர்ட்டோ, அப்பா உள்ளதான் இருக்காரா?" என்று கேட்டு, மொண்டுகொண்டு வருகிறோம்.