சான்றிதழ் இல்லாத அட்டை

ஜோஷுவா அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மேஜைமேல் வைத்தார். போட்டிருந்த வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

"இத யாரு லேமினேட் பண்ணது அண்ணாச்சி?"

அருணாச்சலம் அட்டையைப் பார்த்தார். போன மழைக்காலத்துக்குப் பிறகு அவர் அந்த இழுப்பறையைத் திறக்கவில்லை. இன்றும் மருமகளைத்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தார். அட்டையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பளபளத்தது. காகிதத்துக்கு வெளியே, பிளாஸ்டிக்கின் மேல்விளிம்பில், சாமி படங்களுக்குப் போடுவதுபோல ஒரு துளை.

"நான்தானுங்க," என்றாள் மருமகள் ப்ரீதி. தேநீர்த் தட்டுடன் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "பூசணம் புடிச்சிருந்துச்சு. ஸ்டேஷன் பக்கத்துல ஜெராக்ஸ் கடைல குடுத்தேன். அவர் எழுதுனது எல்லாத்தையுந்தான் குடுத்தேன்."

எல்லாம் என்றால் எல்லாம். மகன் ஷ்ரேயஸின் கல்லூரிக் குறிப்புத் தாள்கள், பால்காரருக்கு எழுதிய துண்டுச்சீட்டு, குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவைத்திருந்த 'கேஸ் சிலிண்டர் சொல்லணும்'. அவளுடைய அலமாரியில் அவை அடுக்காக இருந்ததை அருணாச்சலம் பார்த்திருக்கிறார். இந்த அட்டையும் அதில் சேர்த்தி என்று அவருக்குத் தோன்றியதில்லை.

அவர் புனேயின் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பயணம் என்று அவர் போனதெல்லாம் ஊர்க் கோயில் கொடைக்கு மட்டும். ஆனால் ஆகுர்டி வீட்டின் கூடத்துச் சுவரில் துருவத்துக்கு நடந்தவர்களும், பெரிய சிகரங்களில் ஏறியவர்களும், கடலடிக்கு இறங்கியவர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடிச் சட்டத்தின் முதுகிலும், கையெழுத்து அசல் என்று ஒரு சான்றிதழ். பாதிக்குமேல் ஜோஷுவா கொடுத்தவை. மும்பையில் மாட்டுங்காக்காரர், பழைய கையெழுத்துகளைச் சோதிக்கும் தொழிலில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. சான்றிதழ் இல்லாத எதுவும் சுவருக்குப் போவதில்லை. அது வீட்டின் சட்டம்.

போன வருடம் மகன் இணையத்தில் ஏலம் கேட்டு இந்த அட்டையை எடுத்தான். ஒரு துருவக் கப்பலின் இரவு உணவுப் பட்டியல். அடியில் பயணத் தலைவரின் கையெழுத்து. அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கியது. அருணாச்சலம் உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மைய பாத்தா சந்தேகமா இருக்கு. ஜோஷுவா பாக்கட்டும். பெறவு மாட்டுவோம்."

"பெத்த புள்ளைக்கும் சர்டிபிகேட் கேப்பீங்க போல," என்று ஷ்ரேயஸ் சிரித்தான். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதினான். சேகரிப்பவர்கள் பின்னால் எதை எழுதினாலும் பென்சிலில்தான் எழுதுவார்கள், அதை அவன் அறிந்திருந்தான். தமிழில் எழுதினான். புனேயில் பிறந்து வளர்ந்தவனுக்கு எழுத்துகள் குழந்தை எழுதியதுபோலப் பெரிதாக வந்தன. *அப்பா இது நிஜம். பெட் கட்டவா?*

அந்த மழைக்காலத்தில் தளேகாவ் தொழிற்சாலையிலிருந்து வண்டியில் திரும்பும்போது பழைய நெடுஞ்சாலையில் அவன் இறந்தான்.

"சொல்லு ஜோஷுவா," என்றார் அருணாச்சலம். "நெசமா, பொய்யா?"

"பிளாஸ்டிக்குக்கு மேல இருந்து நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. மை காயிதத்துல எப்படி எறங்கியிருக்குன்னு பாக்கணும்."

"உரிக்க முடியுமா?"

"ஒரு திரவம் இருக்கு. பசைய இளக்கும். மை உள்ள ஊறியிருக்கும், அனேகமா தாங்கும்." ஜோஷுவா அட்டையைத் திருப்பினார். ப்ரீதியைப் பார்க்காமல் சொன்னார். "பென்சில் மேலாப்புல இருக்கது. பிளாஸ்டிக்கோட வந்திரும்."

"முன்பக்கத்த மட்டும்?"

"திரவம் அந்தப் பக்கமும் ஊறும். மெல்லிசு அட்டை."

ப்ரீதி தட்டை மேஜைமேல் வைத்தாள். ஒரு கோப்பை சற்றுச் சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

"வேணும்னா பின்பக்கத்த நல்ல போட்டோ எடுத்துத் தாரேன்மா," என்றார் ஜோஷுவா.

"போட்டோ எங்கிட்டயும் இருக்குதுங்க."

கீழே காய்கறி வண்டிக்காரர் வெந்தயக்கீரை விலையை மராத்தியில் கூவிக்கொண்டு போனார். ஜோஷுவா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம் மாமா," என்றாள் ப்ரீதி. பிறகு, "பொய்யா இருந்தா என்னங்க?"

"அவன எவனோ ஏமாத்தியிருக்கான்னு ஆகும்."

"நிஜமா இருந்தா?"

அருணாச்சலம் சுவரைப் பார்த்தார். எல்லாக் கையெழுத்துகளும் இருந்தன.

ஜோஷுவா தேநீரைக் குடித்து முடித்தார். ரயிலுக்கு நேரமிருந்தும் எழுந்துகொண்டார். கையுறைகளைப் பையில் போட்டார். "அவசரம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. யோசிச்சி அனுப்புங்க. இனிமே அது கெட்டுப்போவாது, உள்ளதான் இருக்கும்." வாசலில் செருப்பை மாட்டும்போது, "கடைக்காரன் வேலைய சுத்தமாத்தான் செஞ்சிருக்கான்," என்றார். ப்ரீதிக்காகச் சொன்னதுபோல இருந்தது.

கதவு சாத்தப்பட்டது. ப்ரீதி சிந்திய தேநீரை இப்போது துடைத்தாள். அட்டையின் கீழும் துடைக்க அதைத் தூக்கினாள். திரும்ப வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இங்க கொண்டாம்மா."

அவர் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்தார். ஊசிக்குக் கோப்பதுபோல நாவில் நனைத்து, பிளாஸ்டிக்கின் துளையில் நுழைத்தார். சுவரில் ஆணிகள் எதுவும் காலியில்லை. நாற்காலியில் ஏற முயன்றபோது ப்ரீதி அதைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியின் மேல்வரிசையில் கட்டினார். முடிச்சு முதலில் நழுவியது. மறுபடி போட்டார்.

இறங்கி இருவரும் தள்ளி நின்றார்கள். வெளியே தகர நிற வெளிச்சம், மழை வரும்போல இருந்தது. மின்விசிறிக் காற்றில் அட்டை ஒரு பக்கம் சுற்றியது, நூல் முறுக்கேறியதும் மறுபக்கம் சுற்றியது. சாய்ந்த நீலக் கையெழுத்து வந்தது. போனது. பெரிய பெரிய பென்சில் எழுத்துகள் வந்தன.

"ஃபேன நிறுத்தட்டுங்களா மாமா?" ப்ரீதி சுவிட்சில் கை வைத்திருந்தாள்.

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி திரும்பத் தொடங்கியிருந்தது.